சாய்தளத்தில் ஒரு வண்டி, மூன்று வரைபடங்கள்: மீயொலி உணரியால் இயக்கத்தை அளக்கும் செய்முறை

சாய்தளத்தில் ஒரு வண்டியை மேல்நோக்கித் தள்ளிவிட்டால் ஏறும், ஒரு கணம் நிற்கும், திரும்பி இறங்கும். இதன் திசைவேகம்–நேர வரைபடத்தை வரையச் சொன்னால் பலர் ஒரு மலையை வரைவார்கள். கண் பார்த்த பாதையையே கை வரைந்துவிடுகிறது. உண்மையில் வருவது பூச்சியக் கோட்டின் மேலே தொடங்கி, அதை வெட்டிக் கீழே போகும் ஏறக்குறைய நேரான ஒரு கோடு. அந்தக் கோட்டை வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ வரவைப்பதும், வந்த கோடு ஏன் முழு நேராக இல்லை என்று காரணம் காரணமாகப் பிரித்துப் பார்ப்பதும்தான் இங்கே வேலை. முதல் பாதி கைவேலை. இரண்டாம் பாதிதான் அறிவியல். ஆனால் முதல் பாதியில் சோம்பினால் இரண்டாவதில் உணரியின் பிழைக்கு இயற்பியல் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

தண்டவாளமும் வண்டியும்

தண்டவாளத்துக்கு, தடுப்புச் சுவர் வேலைக்கு விற்கும் 4 அங்குலம் × 1¾ அங்குல அலுமினியக் குழாய் சரியாக இருக்கும். 6 அடி நீளம் போதும். வெட்டும்போது ஓரம் வளையாமல் ரம்பத்தால் அறுக்கச் சொல்லுங்கள். பிளைவுட் பலகையும் ஆகும், ஆனால் அது தொய்யும். அந்தத் தொய்வு என்ன செய்யும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வண்டியின் சக்கரங்களுக்குத் தனியாக எதுவும் வேண்டாம். 608 பேரிங்கையே சக்கரமாக்கலாம் (வெளிவிட்டம் 22 மி.மீ., துளை 8 மி.மீ., அகலம் 7 மி.மீ.). மேலே ஓட நான்கு, குழாயின் இரு பக்கமும் வழி பிடிக்க இரண்டிரண்டு. பக்கப் பேரிங்குகளுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள். இறுக்கினால் அதுவே பிரேக். 8 மி.மீ. போல்ட்டில் பேரிங்கை மாட்டும்போது வண்டிப் பலகைக்கும் பேரிங்குக்கும் இடையில் பெரிய வாஷர் போடக் கூடாது. வாஷரின் விளிம்பு, வெளி வளையத்தோடு சேர்ந்து சுற்றும் தகட்டு மூடியில் உரசும். ஒரு நட்டையே இடைவெளிக்கு வைத்தால் உள் வளையத்தில் மட்டும் உட்காரும்.

கடையில் வாங்கும் பேரிங்கில் கெட்டியான கிரீஸ் இருக்கும். ரப்பர் மூடி போட்டதை வாங்கினால் மூடியும் சேர்ந்து இழுக்கும். தகட்டு மூடி போட்டதை வாங்கி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சுழற்றிக் கழுவி, காய்ந்ததும் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். விரலால் சுண்டினால் கழுவாத பேரிங் சட்டென்று நின்றுவிடும், கழுவியது நெடுநேரம் சுற்றும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் கீழே வரும் உராய்வுக் கணக்குகள் எதுவும் நிலையாக வராது. கிரீஸின் இழுவை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும்.

வண்டியின் மொத்த எடை 500 கிராம் இருக்கட்டும். உணரியைப் பார்க்கும் பக்கத்தில் 10 × 10 செ.மீ. கெட்டி அட்டை ஒன்றைச் செங்குத்தாக ஒட்டுங்கள். மீயொலிக்கு (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலிக்கு) இது கண்ணாடி மாதிரி: அட்டை 5 டிகிரி சாய்ந்தால் எதிரொலி 10 டிகிரி விலகிப் போய்விடும். மூலைமட்டம் வைத்து ஒட்டுவது நல்லது.

சரிவை மேசையிலிருந்து அளக்காதீர்கள். மேசையே மட்டமாக இருக்காது. தண்டவாளத்தில் 1.5 மீ இடைவெளியில் இரண்டு குறி போட்டு, கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலால் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) இரண்டு குறிகளின் உயர வித்தியாசத்தை எடுங்கள். வித்தியாசம் 7.5 செ.மீ. என்றால் சரிவுக் கோணத்தின் சைன் 7.5 ÷ 150 = 0.05. உயரத்தில் 1 மி.மீ. தவறினால் முடுக்கத்தில் 1.3 சதவீதம் போகும்.

உணரி

எச்.சி.–எஸ்.ஆர்.04 என்ற மலிவான மீயொலி உணரி, ஆர்டுயினோ ஊனோ பலகை (நிரல் எழுதி ஓட்டக்கூடிய சிறிய மின்னணுப் பலகை), நான்கு கம்பிகள். 5 வோல்ட், கிரவுண்டு, ட்ரிகர், எக்கோ. 3.3 வோல்ட்டில் ஓடும் பலகையானால் எக்கோ கம்பியில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளால் மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உணரியின் மின்வாயில் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று போட்டால் காட்டும் தூரத்தின் தாவல் குறையும்.

ட்ரிகருக்கு 10 மைக்ரோ விநாடித் துடிப்பு கொடுத்தால், உணரி 40 கிலோஹெர்ட்ஸில் எட்டு அலைகளை அனுப்பும். எதிரொலி திரும்பும்வரை எக்கோ முனை உயர்ந்தே இருக்கும். அந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தூரம். ஒலியின் வேகத்துக்குப் பாடநூலில் உள்ள 343-ஐ அப்படியே போடாதீர்கள், அது 20 டிகிரிக்கு உரியது. 331.3-உடன் வெப்பநிலையின் 0.606 மடங்கைக் கூட்டுங்கள். 33 டிகிரி அறையில் 351.3 மீ/விநாடி வரும். 343 வைத்தால் 150 செ.மீ. தூரத்தை 146.5 என்று காட்டும். திசைவேகம், முடுக்கம் எல்லாமே அதே 2.4 சதவீதம் குறையும். எல்லாம் ஒரே விகிதத்தில் குறைவதால் வரைபடத்தின் வடிவத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. வண்டியை 50, 100, 150 செ.மீ. தூரங்களில் நிறுத்தி டேப்பால் சரிபார்ப்பதுதான் ஒரே வழி.

உணரியைத் தண்டவாளத்தின் கீழ் முனையில், மேல்நோக்கிப் பார்க்கும்படி, குழாயிலிருந்து 10 செ.மீ. உயர்த்திப் பொருத்துங்கள். 25 செ.மீ. தூரத்தில் ஸ்பாஞ்சு வைத்த தடுப்பு ஒன்று, வண்டி உணரியில் மோதாமல் இருக்க. தடுப்பு அட்டையை மறைக்காமல் தாழ்வாக இருக்க வேண்டும். பின்னால் சுவரோ நாற்காலியோ இருந்தால் அதன் எதிரொலியும் வரும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

நிற்கும் வண்டியின் தூரத்தை 100 முறை எடுத்துப் பாருங்கள். சில மி.மீ. தாவும். 40 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 8.8 மி.மீ. எதிரொலி பலவீனமாக இருந்தால் உணரி முதல் அலையைத் தவறவிட்டு அடுத்த அலையைப் பிடிக்கும். போய்வரும் தூரம் ஓர் அலைநீளம் கூடும், காட்டும் தூரம் அதில் பாதி, ஏறத்தாழ 4.4 மி.மீ., கூடும். தாவல்கள் இந்த அளவில் படிப்படியாக வந்தால் அட்டையின் கோணத்தைச் சரிசெய்யுங்கள். நிரலில் கைவைத்துப் பயனில்லை.

நேரம்: பலர் கவனிக்காத பாதி

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான நிரல்கள் ஓர் அளவு எடுத்து, 50 மில்லி விநாடி காத்திருந்து, அடுத்த அளவு எடுக்கின்றன. பிறகு எல்லாப் புள்ளிகளும் 50 மில்லி விநாடி இடைவெளியில் இருப்பதாக வரைபடம் போடுகிறார்கள். எதிரொலிக்குக் காத்திருக்கும் நேரம் அந்த 50-இல் சேராது. 20 செ.மீ. தூரத்தில் அது 1.1 மில்லி விநாடி, 1.5 மீட்டரில் 8.5 மில்லி விநாடி. அதாவது வண்டி தள்ளிப் போகப் போக நேர இடைவெளி நீளுகிறது. சீரான வேகத்தில் விலகிப்போகும் வண்டிகூட வேகம் கூடுவதுபோல் வரைபடத்தில் தெரியும். இல்லாத முடுக்கம்.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வோர் அளவோடும் மைக்ரோ விநாடிக் கடிகாரத்தின் உண்மையான நேரத்தையும் அச்சிடுங்கள். ட்ரிகர் கொடுத்த நேரத்தோடு எதிரொலி நேரத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஒலி அட்டையைத் தொட்ட கணம் அதுதான். பலகையிலிருந்து கணினிக்கு 9600 வேகத்தில் (விநாடிக்கு 9600 பிட்) ஓர் எழுத்து அனுப்ப ஒரு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். 115200-க்கு மாற்றுங்கள்.

50 மில்லி விநாடியை 10 ஆக்கினால் நிறையப் புள்ளி கிடைக்குமே என்று தோன்றும். 3 மீட்டர் தொலைவுச் சுவரின் எதிரொலி 17 மில்லி விநாடி கழித்துத்தான் வருகிறது. அதற்குள் அடுத்த ஒலியை அனுப்பிவிட்டால் பழைய எதிரொலியைப் புதியதாக எடுத்துக்கொண்டு பேய்ப்புள்ளிகள் விழும். 50-க்குக் கீழே போக வேண்டாம்.

எதிரொலி வராதபோது நிரல் பூச்சியம் தரும். அதைத் தூரமாக எடுத்துக்கொண்டால் வண்டி 1 மீட்டரிலிருந்து 50 மில்லி விநாடியில் உணரிக்கு வந்துவிட்டதாக அர்த்தம், அதாவது 20 மீ/விநாடி. பூச்சியத்தை விட்டுவிடுங்கள், இட்டு நிரப்பாதீர்கள். ஒற்றைத் தாவல்களுக்கு அடுத்தடுத்த மூன்றின் நடு மதிப்பை எடுக்கலாம். சராசரி எடுத்தால் தாவல் பக்கத்துப் புள்ளிகளையும் கெடுக்கும்.

ஆர்டுயினோவோடு வரும், எண்களை உடனுக்குடன் வரைபடமாகக் காட்டும் சீரியல் பிளாட்டரில் கிடை அச்சு மாதிரிகளின் எண்ணிக்கைதான், நேரம் அல்ல. நிலை அச்சு தானாக விரிந்து சுருங்கும். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் 3 மி.மீ. தாவல் அதில் இமயமலைபோல் தெரியும். ஒவ்வொரு வரியிலும் 0, 200 என்ற இரண்டு மாறாத எண்களைச் சேர்த்து அனுப்பினால் அளவு அசையாமல் நிற்கும். கணக்குக்கு எண்களை எடுத்து லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாளில் போட்டுக்கொள்ளலாம்.

ஓட்டத்துக்கு முன் பென்சில்

வண்டியைத் தொடுவதற்கு முன்பே மூன்று வரைபடங்களையும் தாளில் வரைந்துவிடுங்கள்: இடம், திசைவேகம், முடுக்கம். ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே நேர அச்சில். உணரியிலிருந்து விலகும் திசை நேர்க்குறி. முன்கூட்டி வரையாதவர் எந்த வரைபடம் வந்தாலும் "ஆமாம், இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிடுவார்.

வகுப்பில் செய்தால் வண்டிக்கு முன் மனிதரை நடக்கவிடலாம். மார்புக்கு முன்னால் ஒரு பரீட்சை அட்டையைப் பிடித்துக்கொண்டு, கொடுத்த வரைபடத்துக்கு ஏற்றபடி நடக்க வேண்டும் (பருத்திச் சட்டை ஒலியை விழுங்கிவிடும், அதனால்தான் அட்டை). இடம்–நேர வரைபடத்தை ஓரிரு முறையில் பிடித்துவிடுவார்கள். திசைவேகம்–நேர வரைபடத்தில் கோடு உயரத்தில் கிடைமட்டமாக இருந்தால் பலர் அசையாமல் நிற்பார்கள். கோட்டின் உயரத்தையும் சாய்வையும் குழப்பிக்கொள்வது அங்கே கையும் களவுமாகப் பிடிபடும். வரைபடம் நடக்கும்போதே திரையில் தெரிய வேண்டும் என்பது முக்கியம். 1987-இல் ஹெதர் பிராசெல் வெளியிட்ட ஆய்வில், உடனுக்குடன் வரைபடத்தைப் பார்த்த மாணவர்கள், அதே வரைபடத்தை 20 முதல் 30 விநாடி தாமதமாகப் பார்த்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள்.

ஏறி இறங்கும் ஓட்டம்

சைன் 0.05. புவியீர்ப்பு முடுக்கம் சென்னையில் 9.78. உராய்வே இல்லாவிட்டால் முடுக்கம் 0.49 மீ/விநாடி². வண்டியை 30 செ.மீ. குறியிலிருந்து மேல்நோக்கித் தள்ளி, சுமார் 1 மீ/விநாடி வேகத்தில் கையை விடுங்கள். கழுவிய பேரிங்குக்கு உராய்வின் பங்கு 0.04 என்று கொள்வோம். ஏறும்போது ஈர்ப்பும் உராய்வும் ஒரே பக்கம் இழுக்கின்றன: 0.53. இறங்கும்போது உராய்வு எதிர்ப்பக்கம்: 0.45. வண்டி 94 செ.மீ. ஏறும், அதற்கு 1.9 விநாடி. இறங்க 2.05 விநாடி. கீழே வரும்போது வேகம் 0.92.

இடம்–நேர வரைபடத்தில் இது பரவளையம்போலத்தான் தெரியும். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமில்லை என்பதைக் கண் கண்டுபிடிக்காது. திசைவேகம்–நேர வரைபடத்துக்குப் போங்கள். கோடு +1-இல் தொடங்கிச் சரிந்து, பூச்சியத்தை வெட்டும் இடத்தில் சற்றே மடங்கி, கொஞ்சம் குறைந்த சரிவில் தொடரும். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் மடிப்பு தெரியும். மேல் பகுதியின் சாய்வு –0.53, கீழ்ப் பகுதியின் சாய்வு –0.45. இரண்டின் சராசரி 0.49: ஈர்ப்பு. வித்தியாசத்தில் பாதி 0.04: உராய்வு. ஒரே ஓட்டத்தில் இரண்டையும் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. தெரியாத உராய்வை ஊகிக்கத் தேவையே இல்லை. இந்தச் செய்முறையில் மிக அழகான இடம் என்று கேட்டால் இந்த மடிப்பைத்தான் காட்ட வேண்டும்.

உச்சியில் வண்டி நிற்கும் கணத்தில் முடுக்கமும் பூச்சியம் என்று தாளில் எழுதியவர்கள் இருப்பார்கள். கோட்டின் அந்த இடத்தைக் காட்டுங்கள். உயரம் பூச்சியம், சாய்வு பூச்சியம் இல்லை. சாய்வு பூச்சியமாக இருந்திருந்தால் வண்டி அங்கேயே நின்றிருக்கும். இன்னொன்று: இறங்கும்போது வேகம் கூடுகிறது, ஆனால் முடுக்கம் எதிர்க்குறி. எதிர்க்குறி என்றால் வேகம் குறைகிறது என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள். குறி திசையைத்தான் சொல்கிறது.

தடுப்பில் மோதித் திரும்பும் இடத்தில், கீழே சொல்லும் ஐந்து புள்ளிக் கணக்கு 0.2 விநாடிக்கு விரிந்த ஒரு சரிவைக் காட்டும். மோதல் 0.2 விநாடி நீடித்தது என்று எழுதிவிடாதீர்கள். அது நாம் ஒன்றாக எடுக்கும் ஐந்து புள்ளி ஜன்னலின் அகலம்.

இரைச்சல் பெருகும் கணக்கு

தூரத்தில் பிழை 3 மி.மீ. என்று கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளைக் கழித்து 0.05 விநாடியால் வகுத்தால் திசைவேகத்தில் பிழை 3 × 1.41 ÷ 0.05, அதாவது 85 மி.மீ./விநாடி. பொறுத்துக்கொள்ளலாம். அதையே மறுபடி கழித்து முடுக்கம் எடுத்தால் 3 × 2.45 ÷ 0.0025 = 2940 மி.மீ./விநாடி², கிட்டத்தட்ட 2.9 மீ/விநாடி². நாம் தேடும் முடுக்கமோ 0.45. முடுக்கம்–நேர வரைபடம் முள்வேலியாகத் தெரிவது உணரி கெட்டதால் அல்ல. கழித்தல் கணக்கே அப்படித்தான் பிழையைப் பெருக்கும்.

ஆகவே திசைவேகத்தை ஐந்து புள்ளிகளுக்குப் பொருந்தும் நேர்கோட்டின் சாய்வாக எடுங்கள். கால்க்கில் 'ஸ்லோப்' என்ற சார்பு இதையே செய்யும். நேர இடைவெளி சமமாக இல்லாவிட்டாலும் கவலையில்லை. பிழை 85-லிருந்து 19 மி.மீ./விநாடிக்கு இறங்கும். முடுக்கத்தைப் புள்ளிக்குப் புள்ளி கணக்கிடவே வேண்டாம். திசைவேகக் கோட்டின் ஏறும் பகுதிக்கு ஒரு நேர்கோடு, இறங்கும் பகுதிக்கு ஒன்று. மடிப்புக்கு இருபுறமும் இரண்டிரண்டு புள்ளிகளை விட்டுவிடுங்கள், அவற்றின் ஐந்து புள்ளி ஜன்னல் இரு பகுதிகளையும் கலந்துவிடும்.

இடம்–நேர வரைபடத்துக்கு இருபடிக் கோவை பொருத்தியும் எடுக்கலாம். அதில் நேரத்தின் வர்க்கத்துக்கு முன் வரும் எண் முடுக்கத்தில் பாதி. இரண்டால் பெருக்க மறந்து, "பாதி ஈர்ப்பை உராய்வு தின்றுவிட்டது" என்று விளக்கம் எழுதப்பட்ட நோட்டுகள் எந்த ஆய்வகத்திலும் அகப்படும்.

திசைவேகக் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சிக்குச் சமம் என்று இதே எண்களை வைத்து "நிரூபிக்க" வேண்டாம். இடத்திலிருந்து எடுத்த திசைவேகம் திரும்ப இடத்தைத் தராமல் என்ன செய்யும்? தனிச் சாட்சி வேண்டும்.

எடை கூடினால் முடுக்கம் கூடுமா?

வண்டியில் 500 கிராம் ஏற்றி மொத்தம் 1 கிலோ ஆக்குங்கள். முடுக்கம் மாறக் கூடாது என்பது பாடம். அட்டை 20 × 20 செ.மீ. ஆக இருந்தால் கனமான வண்டி தெளிவாக அதிக முடுக்கம் காட்டும். பலமுறை செய்தாலும் அதே முடிவு. திரும்பத் திரும்ப வருகிறது என்பதாலேயே "கனமானது வேகமாக இறங்கும்" என்று எழுதிவிடலாமா?

காற்றைக் கணக்கில் எடுங்கள். 20 × 20 செ.மீ. தட்டையான அட்டை 1.1 மீ/விநாடியில் போனால் காற்றின் தடை சுமார் 0.033 நியூட்டன். அரைக் கிலோ வண்டிக்கு அது 0.065 மீ/விநாடி², ஒரு கிலோ வண்டிக்கு 0.033. ஓட்டத்தின் இறுதியில் வித்தியாசம் 0.03-க்கு மேல், அளக்கக்கூடியதுதான்.

ஆனால் கணக்கு பொருந்துகிறது என்பதும் நிரூபணம் ஆகாது. காற்றுதான் காரணம் என்றால் வேறென்ன நடக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். ஒன்று: காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே ஓட்டத்தின் தொடக்கத்தில் இரு வண்டிகளின் கோடுகளும் ஒட்டிச் சென்று, வேகம் கூடக் கூடப் பிரிய வேண்டும். இரண்டு: எடையை மாற்றாமல் அட்டையை மட்டும் 10 × 10 ஆக்கினால் வளைவு நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். வெட்டி எடுத்த அட்டையை வண்டிமேல் படுக்கவைத்து ஒட்டிவிட்டால் எடை மாறாது. இந்த இரண்டாவது சோதனைக்குத்தான் வலு அதிகம், எடை மட்டுமே காரணம் என்ற எதிர்வாதத்தை அது நேரடியாகத் தாக்குகிறது.

தொடக்கச் சாய்விலும் ஓரிரு சதவீத வித்தியாசம் மிஞ்சலாம். சக்கரங்களைச் சுழற்றவும் ஈர்ப்பின் ஒரு பங்கு செலவாகிறது. இலேசான வண்டியில் அந்தப் பங்கு விகிதத்தில் அதிகம். பேரிங்குக்குப் பதில் கனமான உருளைச் சக்கரம் போட்டால் இது பெரிதாகும். சக்கரமே இல்லாமல் கெட்டியான இரும்புக் குண்டை உருட்டினால் முடுக்கம் ஏழில் ஐந்து பங்குதான் வரும்.

தொய்ந்த பலகை

பிளைவுட்டின் இரு முனைகளை மட்டும் தாங்கி, நடுவில் 3 மி.மீ. தொய்ந்தால் என்ன ஆகும்? 1.5 மீ நீளத்துக்கு முனைகளில் சரிவு 4 × 3 ÷ 1500 = 0.008 அளவு மாறும். மேல் முனையில் 0.058, கீழ் முனையில் 0.042. மூன்று மில்லிமீட்டர் தொய்வு முடுக்கத்தை 16 சதவீதம் கூட்டிக் குறைக்கிறது! இறங்கும் வண்டியின் திசைவேகக் கோடு கீழே வர வரச் சரிவு குறையும். காற்றுத்தடையும் இதே மாதிரி வளைவைத்தான் தரும். வரைபடத்தை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரிக்க வேறு ஓட்டம் வேண்டும். வண்டியை நடுவிலிருந்து விடுங்கள். தொய்வுதான் காரணம் என்றால் குறிப்பிட்ட இடத்தில் முடுக்கம் எப்போதும் அதேதான், வண்டி எந்த வேகத்தில் அங்கே வந்தாலும் சரி. காற்று என்றால் குறிப்பிட்ட வேகத்தில் அதே அளவு, எந்த இடமானாலும் சரி. முடுக்கத்தை நேரத்துக்கு எதிராக அல்லாமல் இடத்துக்கு எதிராக ஒருமுறை, வேகத்துக்கு எதிராக ஒருமுறை வரைந்தால் இரண்டு ஓட்டங்களும் எதில் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்று தெரிந்துவிடும். கைவைத்தியம் இதைவிட எளிது: முனைக்கு முனை நூலை இழுத்துக் கட்டி இடைவெளியைப் பார்த்து, நடுவில் ஒரு முட்டுக் கொடுங்கள்.

ஒன்று, மூன்று, ஐந்து

நின்ற நிலையிலிருந்து விட்ட பொருள் சம நேர இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் போகும் என்று கலிலியோ காட்டினார். 1638-இல் வெளியான அவருடைய நூலில் மரச்சட்டத்தில் வெட்டிய பள்ளம், உள்ளே ஒட்டிய வழுவழுப்பான தோல், உருளும் வெண்கலக் குண்டு, நேரத்துக்கு மெல்லிய குழாயில் ஒழுகும் நீரை எடைபோடும் முறை எல்லாம் விவரிக்கப்படுகின்றன. நம் எண்களில் அரை விநாடிக்கு ஒருமுறை 5.6, 16.9, 28.1, 39.4 செ.மீ. வர வேண்டும்.

வராது. காரணம், கை எந்தக் கணத்தில் விட்டது என்பது உணரிக்குத் தெரியாது. 0.1 விநாடி தாமதமாக எண்ணத் தொடங்கினால் 7.9, 19.1, 30.4 என்று வரும். 1-க்கு 3 என்பது 1-க்கு 2.4 ஆகிவிடும். ஆனால் அடுத்தடுத்த தூரங்களின் வித்தியாசத்தைப் பாருங்கள்: இரண்டு வரிசையிலும் 11.25-ஐ ஒட்டியே நிற்கிறது. தொடக்கக் கணம் தவறினாலும் இது அசையாது. விகிதத்தைவிட வித்தியாசத்தை நம்புங்கள். அதை 0.25-ஆல் (அரை விநாடியின் வர்க்கம்) வகுத்தால் 0.45 மீ/விநாடி².

செல்போனை வண்டியில் ஏற்றினால்

தனிச் சாட்சிக்குச் செல்போனின் முடுக்கமானி நல்லது. ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைபாக்ஸ் செயலி அதன் எண்களை அப்படியே கொடுக்கும். வண்டியில் போனைப் படுக்கவைத்துக் கட்டி, ஓடவிட்டு, 0.45-ஐ எதிர்பார்த்தால் 0.04 காட்டும். கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது. முடுக்கமானி ஈர்ப்பை உணராது, ஈர்ப்பைத் தவிர மற்ற விசைகளின் தள்ளலையே உணரும். கையால் பிடித்து நிறுத்தியிருக்கும்போது சரிவுத் திசையில் கை கொடுக்கும் தள்ளல் 0.49. விட்டதும் மிஞ்சுவது உராய்வின் 0.04. இரண்டின் வித்தியாசம் 0.45, அதுதான் வண்டியின் முடுக்கம். போனின் பூச்சியப் பிழையே 0.04-ஐவிடப் பெரிதாக இருக்கலாம், அதனால் தனி எண்ணை நம்பாமல் வித்தியாசத்தை எடுங்கள், பிழை கழிந்துவிடும். போன் ஏற்றினால் வண்டியின் எடை மாறும். உணரியின் ஓட்டத்தையும் போன் ஏறிய வண்டியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தை மாற்றி

கடைசியாக, 1.5 மீட்டருக்கு 3, 4.5, 6, 7.5, 9 செ.மீ. என்று ஐந்து உயரங்களில், நின்ற நிலையிலிருந்து விட்டு, இறங்கும் முடுக்கத்தை எடுத்து, சைனுக்கு எதிராகப் புள்ளி வையுங்கள். உயரங்களை ஏறுவரிசையில் எடுக்காமல் கலைத்து எடுங்கள். பேரிங்கில் தூசி சேர்ந்து உராய்வு மெல்லக் கூடிவந்தால், ஏறுவரிசையில் அது சரிவின் விளைவோடு கலந்து மறைந்துவிடும். கோட்டை ஆதிப்புள்ளி வழியாக இழுக்க வேண்டாம், அது எங்கே வெட்டுகிறதோ அங்கே வெட்டட்டும். சாய்வு 9.78-க்குச் சில சதவீதம் குறைவாக வரும் (சக்கரச் சுழற்சி). நிலை அச்சை –0.04-ஐ ஒட்டி வெட்டும்.

அந்தக் கோடு கிடை அச்சை வெட்டும் இடம் சைன் 0.004. அதாவது 1.5 மீட்டருக்கு 6 மி.மீ. உயரம். நீங்கள் ஒருபோதும் அளக்காத சரிவு அது. தண்டவாளத்தை அந்த 6 மி.மீட்டருக்கு இறக்கி, மேலிருந்து கீழ்நோக்கி மெதுவாக, 0.3 மீ/விநாடி வேகத்தில், ஒரு தட்டு தட்டிவிடுங்கள். கோடு சொல்வது உண்மையானால் வண்டி வேகம் கூடாமலும் குறையாமலும் போகும், திசைவேகம்–நேர வரைபடம் கிடைமட்டமாக வரும். வேகம் குறைந்துகொண்டே வந்தால் முதலில் பக்கப் பேரிங்குகள் குழாயைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். சிறிய சரிவில் அந்த உரசல்தான் பெரிய பங்கு. கூடினால் டியூப் லெவலை மறுபடி வையுங்கள், பெரும்பாலும் அதன் நீர்க்குழாயில் ஒரு காற்றுக் குமிழி நின்றிருக்கும்.